நிமிடத்துக்கு அறுபது பருப்பு

ஜூலை 6, ஞாயிறு

மிஷின் வந்துவிட்டது. பால் கறக்கிற மிஷின். எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற யாரும் இதுவரை வாங்கவில்லை. துளசிமணி வாங்கிவிட்டாளாம் என்றுதான் என்னைப் பற்றி இன்று சாயங்காலம் அங்கே பேச்சாக இருந்திருக்கும். பேசட்டும்.

வேனில் கொண்டுவந்த கம்பெனி ஆள் கட்டுத்தரையில் மோட்டாரை வைத்து, குழாயைச் செருகி, நாலு கப்பையும் என் மாடு மல்லியின் காம்பில் மாட்டிக் காட்டினார். பால் தானாகக் குழாயில் இறங்கியது. அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூலனூரில் இன்னொரு மிஷின் இறக்க வேண்டுமாம். ஸ்விட்சைப் போடுங்க, மாட்டுங்க, பால் நின்னா கழட்டுங்க, அவ்வளவுதான் என்று சொல்லி ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

புத்தகத்தை பிளாஸ்டிக் உறையோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து மாடு கறக்கிறேன். மாட்டைப் பற்றி எனக்கு ஒரு புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முருங்கைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். மாட்டை விற்றுவிடலாம் என்று சித்திரையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நமக்கு இனி எதற்கு இந்தப் பாடு என்கிறார். நமக்கு என்றால் யாருக்கு? கறப்பது நான். சொசைட்டியில் உறுப்பினர் நான். ரோசி, மல்லி, சுட்டி, கருப்பி நாலும் என் பெயரில் வாங்கினவை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி டி.வி. முன்னால் உட்கார வேண்டியதுதானே என்றால், எனக்கு அது வராது.

ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களிடம், நேரம் மிச்சமாகும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

நாலு மாட்டையும் மிஷினிலேயே கறந்தாயிற்று. விரலை மடக்க வேண்டிய வேலையே இல்லை. நாச்சிமுத்து அவர்கள் கவனத்துக்கு.

ஜூலை 9, புதன்

காப்பி டம்ளர் கை நழுவி விழுந்தது. சோப்பு வழுக்கல். இவர் குனிந்து எடுத்து, தரையைத் துடைத்து, வேறு காப்பி போட்டுக் கொண்டுவந்தார். கேட்டேனா?

பேனா சரியில்லை. எழுத்து ஒரு பக்கமாகப் போகிறது.

ஜூலை 11, வெள்ளி

ரோசிக்குப் பால் இறங்க நேரம் பிடிக்கிறது. மோட்டார் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருகினேன், இழுவை கூடியது. பால் விறுவிறுவென்று வந்தது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

கருப்பியின் மடியைக் கழுவிக்கொண்டிருந்ததில் ரோசியை மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் குழாயில் பால் இல்லை, வெறுமனே இழுத்துக்கொண்டிருக்கிறது. கப்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். பொத்தென்று கழன்றது. ரோசி உதைத்துவிட்டாள். முழங்காலில் பட்டது. அவள் எப்போதுமே திமிர் பிடித்தவள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ரோசியின் பாலில் இரத்தம். திரிதிரியாகவும் இருந்தது. மடியில் பின்பக்கம் கல் மாதிரி இறுகிக் கொதிக்கிறது. தொடவே விடவில்லை. சோளத்தட்டைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுட்டிக்கும் ஒரு காம்பு நுனி வெளுத்து வீங்கியிருக்கிறது.

இவர் கட்டுத்தரை வாசலில் நின்றார். நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

கால்நடை டாக்டர் ஹேமலதா வந்தார். எங்கள் பக்கத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சத்தம் போடாத ஆள். ரோசியின் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடிநோய் என்றார். பிறகு மிஷினிடம் போய் நின்றார்.

கேஜ் எவ்வளவில் வைத்துக் கறக்கிறீர்கள் என்று கேட்டார். கேஜ் எது என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் மாதிரி ஒரு முள் இருக்கிறதே, அதுவாம். கழற்றும்போது முதலில் எதை மூடுவீர்கள் என்று கேட்டார். நான் எதையும் மூடுவதில்லை.

"புக் குடுத்தாங்களாக்கா?"

உள்ளே போய் எடுத்து வந்தேன். உறை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. பல்லால்தான் கிழிக்க வேண்டியிருந்தது, அது அவ்வளவு கெட்டியான பிளாஸ்டிக். டாக்டர் முன்னால், இவர் முன்னால் நின்று கிழித்தேன்.

"இத்தனை வருசமா மாடு கறக்கறேனுங்க. எனக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

"மாடு உங்களுக்குத் தெரியும்க்கா. எனக்கே நீங்க சொல்லித் தரலாம். ஆனா இந்த மிஷின் உங்களுக்குப் புதுசுதானே" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஊசியை எடுக்கப் போய்விட்டார்.

ரோசிக்கு மடிக்குள் ஏற்றுகிற மருந்து. பின்பக்க வலது காம்பு தப்புவது கஷ்டம் என்றார். மருந்து ஓடுகிற வரைக்கும் அவள் பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது. புத்தகத்தைப் படித்து முடிக்கும்வரை மிஷினைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

கையால் கறந்தோம். நான் மல்லி மட்டும். மீதி இவர். பேனா ஓடவில்லை.

ஜூலை 16, புதன்

இவர் கறந்து வைத்த ரோசியின் பாலைத் தென்னை மரத்துக்குப் பின்னால் குழியில் ஊற்றினேன். சொசைட்டி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள், மற்ற மாட்டுப் பாலோடு கலந்து ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது, எல்லோரும் செய்கிறதுதானே என்றாள். எல்லோரும் செய்யட்டும். அந்தப் பால் எந்தக் குழந்தையின் வயிற்றுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத குழந்தைக்கு நான் மருந்து கொடுக்க முடியாது. அவளிடம் அப்படியே சொன்னேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் இந்தி. தமிழ்நாட்டில் விற்கிறவனுக்குத் தமிழில் நாலு பக்கம் அடிக்க முடியாதா? பிளஸ் டூ வரை படித்த இங்கிலீஷ் தலைப்பு படிக்கத்தான் போதுமாக இருந்தது. போனில் படம் எடுத்தால் தமிழாக்கித் தருகிற வசதி இருக்கிறதே, அதில் போட்டேன்.

"நிமிடத்துக்கு அறுபது பருப்பு இருப்பதை உறுதி செய்யவும்" என்று வந்தது.

மாட்டுக்குத் தீவனத்தில் பருப்பு கலக்கச் சொல்கிறானா என்று யோசித்தேன். நிமிடத்துக்கு அறுபது பருப்பை எந்த மாடு தின்னும்? அடுத்த வரி இன்னும் மோசம். "கப்பலில் விரிசல் இருந்தால் உடனே மாற்றவும்."

கட்டுத்தரையில் உட்கார்ந்து சிரித்தேன். இவர் அந்தப் பக்கம் சுட்டியைக் கறந்துகொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். சொல்லவில்லை. நாங்கள் இப்போது அதிகம் பேசிக்கொள்வதில்லை.

ஜூலை 18, வெள்ளி

டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, பருப்பையும் கப்பலையும் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பருப்பு இல்லை, துடிப்பு, இங்கிலீஷில் இரண்டுக்கும் பல்ஸ்தானாம். கன்றுக்குட்டி சப்பி, விட்டு, சப்பி, விட்டுக் குடிக்குமே, அதே மாதிரி மிஷினும் இழுத்து இழுத்து விட வேண்டும். விடாமல் இழுத்தால் காம்பு செத்துப்போகும். கப்பல் என்பது கப்புக்குள் இருக்கிற ரப்பர் உறை, அதற்கு லைனர் என்று பெயராம், கப்பலுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டாம்.

இழுப்பது மட்டும் வேலை இல்லை, விடுவதும் வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. நான் திருகித் திருகி இழுவையைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19, சனி

இன்று நாலாவது பக்கம். படங்கள். ஒரு படத்தில் ஒரு கை, வால்வை மூடாமல் கப்பைப் பிடித்து இழுக்கிறது. அதன் மேல் சிவப்பில் பெரிதாகப் பெருக்கல் குறி. என் கையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறான் போல.

இந்தப் படத்துக்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை, இந்தி வேண்டியதில்லை. உறையைப் பிரித்திருந்தாலே போதும்.

போய் ரோசியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கழுத்தைத் தடவ விட்டாள். மடிப்பக்கம் போனால் நகர்ந்துகொண்டாள். சரி, போ.

ஜூலை 22, செவ்வாய்

சோளத்தட்டு அறுத்துக்கொண்டு வந்தால் வாசலில் தரகர் வேலுச்சாமியின் வண்டி நிற்கிறது. இவர் அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தரகர் ஏற்கெனவே நாலு மாட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டார். மல்லியின் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார்.

தட்டுக்கட்டைக் கீழே போட்டேன். ஒரு காம்பு போன மாடு, சீக்கிரமே மீதியும் போய்விடும், அப்புறம் கறிக்குத்தான் கேட்பார்கள், இப்போதே நாலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் நல்லது என்று அவர் எனக்கு எடுத்துச் சொன்னார். முழுசாகச் சொல்லி முடிக்க விட்டேன்.

"மாடு யாருதுங்கண்ணா?" என்றேன்.

"நாச்சிமுத்து கூப்பிட்டுத்தான் வந்தேன் அம்மிணி."

"அவருகிட்ட அவரு மாடு இருந்தா ஓட்டீட்டுப் போங்க. அந்தக் கயித்த விடுங்க."

அவர் கயிற்றை விட்டார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியாள் முன்னால் வேண்டாம் என்றார். வெளியாளைக் கூப்பிட்டது யார் என்று கேட்டேன். அப்போதுதான் அதைச் சொன்னார், தரகரை வைத்துக்கொண்டே.

"அந்தக் கைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே தொளசி? படுத்தா எந்திரிச்சு எந்திரிச்சு ஒதறிட்டு அழுவறே. நான் தூங்கறேன்னு நெனச்சியா?"

அழுகிறேனாம். கை மரத்துப்போனால் உதறுவது எல்லோருக்கும் உள்ளதுதான்.

"என்ற கையப் பத்தி மாடு ஒண்ணும் சொல்லலையே" என்றேன். தரகர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நல்லதுங்க, அப்புறம் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தார்.

ஜூலை 23, புதன்

பேச்சில்லை. ஆனால் மூன்று மாட்டை அவர்தான் கறந்தார். சுட்டி அவரை வாலால் முகத்தில் அடித்தது. சுட்டிக்கு நன்றி.

ஜூலை 25, வெள்ளி

புத்தகம் முடிந்தது. புரியாத இடங்களை எல்லாம் டாக்டரம்மாவிடம் கேட்டாயிற்று. இன்று மிஷினை மாட்டில் மாட்டாமல் சும்மா ஓட்டிப் பார்க்கிற நாள். கேஜ் முள்ளைப் புத்தகம் சொன்ன இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். அடுத்து, கப்புக்குள் கட்டைவிரலை விட்டுத் துடிப்பைப் பார்க்க வேண்டும். அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மிஷின் பழுது, ஓட்டக் கூடாது.

வலது கட்டைவிரலை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. வேறு கப்பில் விட்டேன். அதிலும் இல்லை. நாலிலும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கெட்ட மிஷினைத் தலையில் கட்டிவிட்டான். அதில்தான் ரோசியின் காம்பு போனது. தப்பு என்னுடையது இல்லை. கம்பெனிக்கு போன் போட்டுக் கிழிக்கப்போகிறேன், சாட்சிக்கு ஆள் வேண்டும். மூன்று நாளாகப் பேசாத ஆளைக் கூப்பிட்டேன். ஏனுங்க, இங்க வாங்க, விரலை விட்டுப் பாருங்க, துடிப்பே இல்லை என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, விரலை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அடுத்ததில் விட்டார். நாலிலும் பார்த்தார்.

"நல்லாத்தான் அடிக்குது" என்றார்.

பொய் என்றேன். அவர் என் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலைக் கப்புக்குள் வைத்தார்.

அடித்தது. கன்றுக்குட்டி வாயில் விரல் கொடுத்த மாதிரி. சப்பி, விட்டு, சப்பி, விட்டு.

வலது விரலை மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மரக்கட்டையை விட்ட மாதிரி. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. இவர் எழுந்து ஸ்விட்சை அணைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, அதற்கு அவருக்குப் புண்ணியம்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, விட்டால் விரல் போய்விடும், சின்ன ஆபரேஷன்தான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது சித்திரையில். அப்போது இவரும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அதை இதில் எழுத வேண்டிய விஷயமாக எனக்குப் படவில்லை.

ஜூலை 26, சனி

ஆபரேஷன் செய்துகொள்கிறேன். மாட்டை விற்க மாட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

இவர் காலண்டரைப் புரட்டினார். பிறகு, ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறபோதும், கை ஆறுகிறவரைக்கும் யார் கறப்பது? நான்தான், மிஷினில் கறக்கிறேன் என்றார் இவர். நேராகப் போய் ஸ்விட்சில் கை வைத்தார். பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ பண்றதப் பாத்துட்டுத்தானே இருந்தேன்" என்றார்.

"நான் பண்ணுனதப் பாத்தா ரோசிக்கு ஆனதுதான் ஆவும்."

அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு அடுத்தவர் படிக்கிற மாதிரி எழுத வராது, அதாவது இப்போதைக்கு. அதனால் நான் சொல்லச் சொல்ல அவர் தமிழில் எழுதினார். தினக் காலண்டர் தாளின் பின்பக்கம், பெரிய பெரிய எழுத்தில். முதல் பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் பீச்சிப் பார். மடியைக் கழுவினால் போதாது, துடை. முள்ளைப் பார். பால் நிற்கும்போது பக்கத்திலேயே இரு. வால்வை மூடிவிட்டு அப்புறம் கழற்று. கறந்ததும் தீவனம் போடு, மாடு உடனே படுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஏன், ஏன் என்று கேட்டார். கேட்கட்டும். நான் கேட்கவில்லையே.

துடிப்பு என்று சொன்னேன். பருப்பு என்று எழுதி வைத்திருக்கிறார், பாவி. பருப்புக் கதையை டாக்டரம்மா சொல்லிவிட்டார் போல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மல்லியில் ஆரம்பித்தோம். அவர் தாளைப் படித்தார், நான் செய்தேன். பிறகு நான் தாளைப் பிடித்தேன், அவர் செய்தார். மல்லி அசை போட்டுக்கொண்டே நின்றாள். கழற்றினபோது அவளுக்குத் தெரியவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டரம்மா எல்லா மாட்டுப் பாலையும் சோதித்தார். சுத்தமாக இருக்கிறது. சுட்டியின் காம்பு ஆறிவிட்டது. ரோசியின் பின்பக்க வலது காம்பு போனது போனதுதான், இனி வராது. மூன்று காம்பில் கறக்கும் மாடு. அவளை வைத்துக்கொள்வது நஷ்டம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொசைட்டியில் சொன்னார்கள். ரோசி என் கட்டுத்தரையில்தான் இருப்பாள். நாலாவது கப்பில் அடைப்பான் போட்டு மூடிக்கொள்ளலாம், அது ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது.

கம்பெனிக்கு போன் போட்டேன். தமிழில் புத்தகம் அடிக்கும்வரை இந்தப் பக்கம் இன்னொரு மிஷின் இறக்கினால் அங்கே வந்து நின்று பேசுவேன் என்று சொன்னேன். மேலிடத்தில் சொல்கிறோம் என்றார்கள். நம்பவில்லை. திரும்பக் கூப்பிடுவேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். பயம் ஒன்றும் இல்லை. கருப்பிக்குத் தவிடு கொஞ்சம் அதிகமாகப் போட வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்று தெரியாமல் மறுபடியும் சொன்னேனாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இதை நாச்சிமுத்து எழுதுகிறேன். அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். கையில் கட்டு இருக்கிறது.

காலையில் நாலு மாட்டையும் நான் மிஷினில் கறந்தேன். துளசிமணி கட்டுத்தரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குத் தாள் இப்போது மனப்பாடம், பார்க்க வேண்டியதில்லை என்றேன். பார்த்துச் செய்யச் சொன்னாள். பார்த்துத்தான் செய்தேன். ரோசி உதைக்கவில்லை. இன்றைக்குப் பால் நல்ல அளவு. இவ்வளவும் அவள் சொன்னது.

இனிமேல் நானாக எழுதுவது. நேற்று மத்தியானம், வலது கட்டைவிரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். ரொம்ப வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். இதை எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன்.